22 நாள் ஓட்டும் பரூக் மரைக்காயரின் தேர்தல் கணக்கும்

சென்ற மாதம் கீழூர் வாக்கெடுப்பைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்கள் சிலர் கடற்கரையில் என்னை மடக்கினார்கள். "பழையதெல்லாம் எழுதுகிறீரே, பரூக் மரைக்காயரைப் பற்றி ஏன் எழுதவில்லை?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. புதுச்சேரிச் சட்டமன்றத்தின் முதல் 30 ஆண்டுகளை அவர் பெயரை விட்டுவிட்டு எழுத முடியாது.

நான் அரசியல்வாதி இல்லை. அவர் கட்சிக்காரனும் இல்லை. கோப்புகளோடு 39 ஆண்டுகள் வாழ்ந்த குமாஸ்தா. எனக்குத் தெரிந்தது தேதியும் கணக்கும்தான். அந்தக் கணக்கை எழுதுகிறேன். நடுநடுவே எங்கள் வீட்டுக் கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓட்டு என்றாலே எங்கள் வீட்டில் ஒரு பழைய வழக்கு உண்டு.

1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 'ஒப்சியோன்' என்று நம் ஊரில் சொல்வார்கள். என் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து வந்த சொல்தா. அவர் எழுதிக் கொடுத்தார். என் அப்பா மேரியில் கொமி. பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதுகிற வேலை. அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

பெரியப்பா அப்பாவைத் திட்டித் தீர்த்தார். "உன் பிள்ளை பிரெஞ்சு படிக்கிறான். அவன் எதிர்காலத்தைக் கெடுக்கிறாய்" என்றார். அப்பா அதிகம் பேசுகிறவர் அல்ல. "பிறந்த ஊரில் எனக்கு ஓட்டு வேணும் அண்ணா" என்றார். அவ்வளவுதான். எனக்கு அப்போது 11 வயது. அந்த ஒரு வாக்கியத்துக்காக எங்கள் வீட்டில் என்னவெல்லாம் போயிற்று என்பது பின்னால்தான் புரிந்தது.

சரி, பரூக் மரைக்காயருக்கு வருவோம்.

எம்.ஓ.எச். பரூக் பிறந்தது 1937 செப்டம்பர் 6, புதுச்சேரியில். கீழூரில் 1954 அக்டோபர் 18ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தபோது அவருக்கு வயது 17. 1963 ஜூலை 1ஆம் தேதி பழைய பிரதிநிதிகள் சபையே சட்டமன்றமாகி, எதுவார் குபேர் முதல் முதலமைச்சரானார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 30 தொகுதிகளுக்குத் தேர்தல். காங்கிரஸ் 22, மக்கள் முன்னணி 4, சுயேச்சை 4. வேங்கடசுப்பா ரெட்டியார் முதலமைச்சர். சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்தவர் பரூக் மரைக்காயர். வயது 27.

அந்தச் சபை செய்த முக்கியமான வேலை ஒன்று. பிரான்சோடு செய்த ஒப்பந்தத்தில், மக்களின் பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவு செய்யும் வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று இருந்தது. 1965ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. தமிழ் ஆட்சிமொழி, ஆங்கிலமும் பயன்படலாம், மாஹேக்கு மலையாளம், ஏனாமுக்குத் தெலுங்கு. கல்வே காலேஜில் பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்த என்னைப் போன்ற பையன்களுக்கு அந்தச் சட்டம் என்ன செய்தது என்று வேறொரு நாள் எழுதுகிறேன். தமிழை நான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

1967 ஏப்ரல் 9. ரெட்டியார் விலகி, பரூக் மரைக்காயர் முதலமைச்சரானார். வயது 29. இந்தியாவில் அதுவரை அவ்வளவு சிறிய வயதில் யாரும் முதலமைச்சர் ஆனதில்லை. நான் பிரெவே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் அன்று இலக்கண வகுப்பில் இதையே உதாரணமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். 'லெ ப்ளு ழேன்', அதாவது எல்லாரிலும் இளையவர். வகுப்பே சிரித்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இலக்கணத்துக்கு உதாரணமானது அதுதான் முதல் தடவை.

ஆனால் அந்த ஆட்சி 11 மாதம்தான். 1968 மார்ச் 6ல் மறுபடியும் ரெட்டியார். அதே செப்டம்பர் 18ல் அவர் ஆட்சியும் போய் குடியரசுத் தலைவர் ஆட்சி. யோசித்துப் பாருங்கள். 30 இடத்தில் 22 ஜெயித்த கட்சி நான்கு ஆண்டுக்குள் இரண்டு தடவை முதலமைச்சர் நாற்காலியை மாற்றி, கடைசியில் சபையையே இழந்தது. எதிர்க்கட்சி கவிழ்க்கவில்லை. உள்ளே இருந்த கோஷ்டிகள்தான்.

இங்கே நம் சபையின் அளவைச் சொல்ல வேண்டும். சென்னையில் பத்துப் பேர் கட்சி மாறினால் ஒரு நாள் செய்தி. இங்கே இரண்டு பேர் மாறினால் அரசாங்கமே மாறும். அந்த நாளில் ஒரு தொகுதிக்குச் சில ஆயிரம் ஓட்டுகள்தான். எம்.எல்.ஏ. எந்தத் தெருவில் குடியிருக்கிறார், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தார், வரவில்லை என்பதெல்லாம் ஓட்டில் தெரியும். கட்சியைவிட ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுகிற ஊர். அதனால் ஆள் கட்சி மாறினாலும் ஓட்டு அவர் பின்னாலேயே போகும். நம் ஊர் அரசியலின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

பரூக் மரைக்காயரும் மாறினார். 1969 தேர்தலுக்குள் அவர் தி.மு.க. அண்ணா இறந்து சில வாரங்களே ஆன நேரம். தி.மு.க. 15, காங்கிரஸ் 10, இந்திய கம்யூனிஸ்ட் 3, சுயேச்சை 2. மார்ச் 17ல் தி.மு.க., கம்யூனிஸ்ட் கூட்டணியின் முதலமைச்சராக மறுபடியும் பரூக். மில் தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா அந்த அமைச்சரவையில் இருந்தார். இந்த ஆட்சி ஏறத்தாழ ஐந்து ஆண்டு ஓடியது. 1970ல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1973ல் நில உச்சவரம்புச் சட்டம் என்று கிராமத்துக்காரர்களைத் தொட்ட சட்டங்கள் அந்தச் சபையில் வந்தவை.

நான் 1972ல் எல்.டி.சி.யாக வேலையில் சேர்ந்தேன். எந்த இலாகா என்பது வேண்டாம். எனக்கு பிரெஞ்சு தெரியும் என்று தெரிந்ததும், சூப்பிரண்டு பழைய காகிதக் கட்டு ஒன்றை என் மேஜையில் வைத்தார். நகராட்சிகளைப் பற்றிய 1880ஆம் ஆண்டு தெக்ரே. அதை இங்கிலீஷில் எழுதித் தர வேண்டும். என் இங்கிலீஷ் அப்போது நொண்டி. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக எழுதினேன்.

பரூக் ஆட்சியில் 1973ல் வந்த நகராட்சிகள் சட்டம், கிராம மற்றும் கொம்யூன் பஞ்சாயத்துகள் சட்டம் இரண்டும் அந்தப் பழைய தெக்ரேவை ஓரமாக வைத்தன. இரண்டும் நடைமுறைக்கு வந்தது 1974 ஜனவரி 26. 'மேர்' என்ற பதவி அதோடு போயிற்று. அப்பாவிடம் சொன்னேன். "சட்டம் புதுசா வரட்டும். தேர்தல் எப்போ?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் பரூக் முதலமைச்சர் இல்லை. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கியதும் இங்கேயும் கட்சி உடைந்தது. 1974 ஜனவரி 3ல் ஆட்சி போனது. பிப்ரவரியில் தேர்தல்.

அதுதான் என் முதல் ஓட்டு. அந்த நாளில் ஓட்டுரிமைக்கு 21 வயது ஆக வேண்டும். அப்பாவும் நானும் ஒன்றாகப் போனோம். அப்பா வேட்டியைச் சலவைக்குப் போட்டு வாங்கி வைத்திருந்தார். கல்யாண வீட்டுக்குப் போவது போல இருந்தது. யாருக்குப் போட்டேன் என்று சொல்லமாட்டேன், அப்பாவிடமே சொல்லவில்லை.

முடிவு வந்தது. அ.தி.மு.க. 12, காங்கிரஸ் 7, பழைய காங்கிரஸ் 5, தி.மு.க. 2, இந்திய கம்யூனிஸ்ட் 2, மார்க்சிஸ்ட் 1, சுயேச்சை 1. பதினைந்து இடத்தோடு ஆண்ட தி.மு.க.வுக்கு இரண்டே இரண்டு. மார்ச் 6ல் காரைக்கால் எஸ். ராமசாமி முதலமைச்சரானார். எம்.ஜி.ஆர். சென்னையில் கோட்டைக்குப் போவதற்கு மூன்று ஆண்டு முன்னாலேயே அ.தி.மு.க. ஆட்சி என்று ஒன்று நம் ஊரில் நடந்திருக்கிறது. இதை இன்று பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவதில்லை.

புது அமைச்சர்கள் வந்தால் ரப்பர் ஸ்டாம்பு செய்ய வேண்டும். எங்கள் பிரிவில் அந்த வேலை என்னுடையது. எழுத்துகளைச் சரிபார்த்து, ஆர்டர் கொடுத்து, விலைப் பட்டியலுக்கு ஒப்புதல் வாங்கினேன். ஸ்டாம்புகள் வந்து சேர்ந்த நாளில் ஆட்சி இல்லை. கூட்டணிக்கு 14 பேர், சபையில் 30 பேர். மார்ச் 28ல் கவிழ்ந்துவிட்டது. சபையும் கலைந்தது. மொத்தம் 22 நாள். ஸ்டாம்புகளை என்ன செய்வது என்று சூப்பிரண்டைக் கேட்டேன். "பில்லைப் பாஸ் பண்ணு, ஸ்டாம்பைப் பெட்டியில் போடு" என்றார்.

அடுத்த வாரம் பாரிசில் ஜனாதிபதி பொம்பிதூ இறந்துபோனார். மே மாதத்தில் புது ஜனாதிபதியாக ழிஸ்கார் தெஸ்தேன் வந்தார். பெரியப்பா வானொலியை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் திண்ணையில் உட்கார்ந்தார். "எங்க ஆள் ஏழு வருஷம் இருப்பாருடா. உன் ஓட்டுக்கு ஆயுசு எவ்வளவு?" என்று என்னைக் கேட்டார். அப்பாவுக்குக் கேட்கட்டும் என்றுதான் கேட்டார். அப்பா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். பெரியப்பா கெட்டவர் இல்லை. தம்பி மேல் பாசம் உள்ளவர். ஆனால் அன்று எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை ஆண்டு கழித்தும் அந்த 22 என்ற எண் எங்கே வந்தாலும் அந்தத் திண்ணைதான் ஞாபகம் வருகிறது.

பிறகு மூன்று ஆண்டுக்கு மேல் சட்டமன்றமே இல்லை. நடுவில் அவசரநிலை. 1977 ஜூலையில் ராமசாமி மறுபடியும் வந்தார். 16 மாதம். 1978 நவம்பரில் அதுவும் போனது. 1979 ஜனவரியில், புதுச்சேரியைப் பக்கத்து மாநிலங்களோடு சேர்த்துவிடலாம் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் சொன்னதும் ஊர் கொதித்தது. துப்பாக்கிச் சூடு வரை போனது. அடுத்த ஆண்டு தேர்தலில் அ.தி.மு.க.வுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. தி.மு.க. 14, இந்திரா காங்கிரஸ் 10. எம்.டி.ஆர். ராமச்சந்திரன் முதலமைச்சர். காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொள்ள, 1983 ஜூனில் அதுவும் முடிந்தது.

இதற்குள் பரூக் மரைக்காயர் காங்கிரசுக்குத் திரும்பியிருந்தார். 1985 மார்ச்சில் காங்கிரஸ் 15 இடம் பெற்றது. 16ஆம் தேதி மூன்றாம் முறையாக முதலமைச்சர். 1990 மார்ச் 7 வரை இருந்தார். 1963க்குப் பிறகு நம் சட்டமன்றத்தில் ஐந்தாண்டுக் காலத்தை ஓட்டி முடித்த முதல் அமைச்சரவை அதுதான். 29 வயதில் 11 மாதம் தாங்காதவர், 47 வயதில் தாங்கினார்.

எப்படித் தாங்கினார்? அனுபவம் ஒரு காரணம். எங்கே கை வைத்தால் எது சரியும் என்று அடிபட்டுத் தெரிந்தவர். இன்னொரு காரணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கட்சித் தாவல் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1985 மார்ச் 1. அவர் பதவி ஏற்றது அதற்குப் பதினைந்து நாள் கழித்து. இரண்டு பேர் மாறினால் ஆட்சி கவிழும் ஊருக்கு அது பெரிய பூட்டு. அந்த ஐந்தாண்டில் மத்தியப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில் வேர் பிடித்தது. எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு வேறொரு லாபமும் உண்டு. ஒரே அமைச்சருக்கு அனுப்பிய கோப்பு அதே அமைச்சரிடமிருந்து திரும்பி வந்தது. வெளியே இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம். ஒவ்வொரு ஆட்சி மாற்றத்திலும் ஒரு விதவையின் பென்ஷன் கோப்பு முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதைப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

அதற்குப் பிறகு அவர் டெல்லிக்குப் போனார். 1991, 1996 இரண்டிலும் புதுச்சேரியிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். நரசிம்ம ராவ் அமைச்சரவையில் விமானப் போக்குவரத்து, சுற்றுலா இணை அமைச்சராக இருந்தார். 1998ல் தி.மு.க.வின் ஆறுமுகம் ஜெயித்தார். அடுத்த ஆண்டே மறுபடி தேர்தல், பரூக் மறுபடி ஜெயித்தார். 2004ல் சவூதி அரேபியாவுக்குத் தூதர். 2010ல் ஜார்க்கண்ட் ஆளுநர், 2011ல் கேரள ஆளுநர். அந்தப் பதவியில் இருக்கும்போதே 2012 ஜனவரி 26ல் சென்னையில் காலமானார். வயது 74.

ஜனவரி 26 என்றதும் எனக்கு இன்னொரு தேதி ஞாபகம் வந்தது. நான் தெக்ரேவை மொழிபெயர்த்துக் கொடுத்த அந்த உள்ளாட்சிச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்த நாளும் ஜனவரி 26தான்.

அவர் கணக்கில் வரவு நிறைய இருக்கிறது. சபாநாயகர், மூன்று முறை முதலமைச்சர், மூன்று முறை எம்.பி., மத்திய அமைச்சர், தூதர், இரண்டு மாநில ஆளுநர். இவ்வளவு பெரிய பட்டியல் நம் ஊரில் வேறு யாருக்கும் இல்லை. ஆனால் குமாஸ்தா என்றால் பற்றுப் பக்கத்தையும் எழுத வேண்டும்.

நம் நகராட்சி, கொம்யூன் தேர்தல் 1968ல் நடந்தது. அடுத்த தேர்தல் 2006ல். நடுவில் 38 ஆண்டு. 1973 சட்டத்தைக் கொண்டுவந்தவர் பரூக். பிறகு ஐந்து ஆண்டு நிலையாக ஆண்டவரும் அவரே. அந்த ஐந்து ஆண்டிலும் உள்ளாட்சித் தேர்தல் வரவில்லை. அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. அவருக்கு முன்னும் பின்னும் வந்த எந்தக் கட்சியும் நடத்தவில்லை. எம்.எல்.ஏ.வுக்குத் தெருவில் இன்னொரு போட்டியாள் வேண்டாம் என்பதில் எல்லாக் கட்சிக்கும் ஒரே கொள்கை.

கீழூரில் அன்று ஓட்டுப் போட்டவர்கள் யார்? 178 பேர். பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும். அவர்களில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நம்மை இந்தியாவோடு சேர்த்ததில் பெரும் பங்கு அந்த நகராட்சி உறுப்பினர்களுடையது. சேர்ந்த பிறகு அவர்களுடைய நாற்காலிகளைத்தான் 38 ஆண்டு தேர்தல் எட்டிப் பார்க்கவில்லை.

என் அப்பா 1994ல் போய்விட்டார். அவருக்கு முன்பே பெரியப்பா. 'பிறந்த ஊரில் ஓட்டு' என்றாரே அப்பா, அவர் மனத்தில் இருந்தது சட்டமன்றம் மட்டும் இல்லை. அவர் மேரியில் வேலை பார்த்தவர். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மேரிக்கு வந்து மேரைக் கேள்வி கேட்கும் ஆட்களை அன்றாடம் பார்த்தவர். அந்த ஓட்டை அவர் 1968க்குப் பிறகு போடவே இல்லை.

2006ல் நகராட்சிக்கு முதல் முறையாக நான் ஓட்டுப் போட்டபோது எனக்கு வயது 55. ஓய்வு பெற ஐந்து ஆண்டுதான் பாக்கி. விரலில் மை வைத்த பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். "ஏன் சார் சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள். அவளிடம் என்னவென்று சொல்வது? 2011ல் அந்த உறுப்பினர்களின் காலமும் முடிந்தது. இதை எழுதும் வரை அடுத்த தேர்தல் வரவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும், அப்பா அன்று எடுத்த முடிவு தப்பு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. 22 நாள் ஓட்டும் ஓட்டுதான். அடுத்த தடவை வரிசையில் நின்று மறுபடி போட்டோம். 15 இடத்திலிருந்து 2 இடத்துக்குக் கட்சியைக் கீழே இறக்கினதும் நாம்தான், அதே பரூக் மரைக்காயரை 11 ஆண்டு கழித்து முதலமைச்சராக ஏற்றுக்கொண்டதும் நாம்தான். பெரியப்பாவின் கேள்விக்கு அன்று திண்ணையில் எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று கேட்டால் இதைச் சொல்லியிருப்பேன். அவர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

அந்த ரப்பர் ஸ்டாம்புப் பெட்டி பிறகு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. 1974 மார்ச்சில் அரசு வேலையில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பிரிவில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். நம் வயதில் இருப்பவர்கள் சொல்லாவிட்டால் பிறகு யார் சொல்லப்போகிறார்கள்?